கேட்லாக்கைச் சுமந்துகொண்டு தகடூர்ப் பக்கம்

வெள்ளி, தருமபுரி

ஆர்ட் பேப்பரின் கனம் அச்சகத்தில் தெரிவதில்லை. மொரப்பூர் ஸ்டேஷனில் இறங்கிப் பையைத் தோளில் போடும்போதுதான் தெரிகிறது. ஓவியக் கண்காட்சிகளுக்குக் கேட்லாக் லேஅவுட் செய்வது என் பிழைப்பு. இந்த முறை வேலைக்காக இல்லாமல், கேட்லாக்கில் பார்த்த விஷயங்கள் இருக்கும் ஊருக்கே புத்தகங்களைத் தூக்கிக்கொண்டு போய்ப் பார்க்கலாம் என்று கிளம்பிவிட்டேன்.

பையில் இருந்தவை: சி. சிவராமமூர்த்தி சென்னை அரசு அருங்காட்சியகத்துக்காக எழுதிய, நுளம்பர் என்ற பழைய அரச மரபின் காலத்துச் சிற்பங்கள் பற்றிய கேட்லாக், 1964. இரா. நாகசாமி பதிப்பித்து 1972-ல் தொல்லியல் துறை வெளியிட்ட 'செங்கம் நடுகற்கள்', ஜெராக்ஸ் பிரதி. ஓவியர் ஆதிமூலத்தின் கோட்டோவியங்கள் உள்ள ஒரு பழைய கண்காட்சிக் கையேடு. கடைசியாக, அறுபதுகளில் சென்னை ஓவியர்களும் சிற்பிகளும் உருவாக்கிய மெட்ராஸ் ஓவிய இயக்கம் பற்றிய பெரிய சைஸ் கலைப் புத்தகம் ஒன்று. கனத்தில் முக்கால் பங்கு இதுதான். பெயர் சொல்லப் போவதில்லை, ஏனென்றால் அதைத் திட்டப் போகிறேன்.

மொரப்பூரிலிருந்து பஸ். கல்லூரியில் எனக்கு சீனியராக இருந்த அண்ணன் இங்கே அரசுப் பள்ளியில் ஓவிய ஆசிரியர். பஸ் ஸ்டாண்டில் பையைப் பார்த்ததுமே, "தம்பி, ஊர் பார்க்க வந்தியா, புஸ்தகக் கடை போட வந்தியா?" என்றார்.

வெள்ளிக்கிழமை அரசு அருங்காட்சியகங்களுக்கு விடுமுறை. அதனால் சாயங்காலம் கோட்டைக் கோயிலுக்குப் போனோம். மல்லிகார்ஜுனேசுவரரும் காமாட்சி அம்மனும் ஒரே வளாகத்தில் இருக்கிறார்கள். இணையத்தில் இந்தக் கோயிலைத் தேடினால் 'தொங்கும் தூண்' மட்டும்தான் வரும். நாங்கள் போனபோதும் ஒரு குடும்பம் தூணுக்கு அடியில் காகிதத்தை விட்டு இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் வந்தது தலைக்கு மேலே இருப்பதைப் பார்க்க.

நுளம்பர்களின் தலைநகர் ஹேமாவதி, இன்றைய ஆந்திராவில் இருக்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டில் அவர்கள் கை தகடூர் வரை, அதாவது இந்தத் தருமபுரி வரை, நீண்டது. மன்னன் மகேந்திரன் காலத்தில், 893-ல், இங்கே சமணப் பள்ளி கட்டப்பட்டதற்குக் கல்வெட்டு இருக்கிறது. சிவராமமூர்த்தியின் கேட்லாக்கில் இருப்பவை ஹேமாவதிப் பக்கமிருந்து சென்னைக்கு வந்த சிற்பங்கள். அளவு, கிடைத்த இடம், கையில் என்ன, காலடியில் என்ன என்று ஒவ்வொன்றுக்கும் அடக்கமான குறிப்பு. படங்கள் கருப்பு வெள்ளை. ஆனால் அதைப் படித்துவிட்டு வந்தால் கண் பழகிவிடுகிறது. மண்டபத்தில் தலையை அண்ணாந்ததும், விதானத்தில், அதாவது கூரையின் உட்பரப்பில், எண்திசைக் காவலர்களை எந்த வரிசையில் தேட வேண்டும் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

இங்கேதான் ஒரு சிக்கல் உறைத்தது. விதானத்தில் இந்திரன் கிழக்கிலும் எமன் தெற்கிலும் இருப்பது அலங்காரத்துக்காக இல்லை. உண்மையான கிழக்கு, உண்மையான தெற்கு. இதே போன்ற நுளம்ப விதானம் கர்நாடகத்தின் அரளகுப்பே கல்லேசுவரர் கோயிலில் இருக்கிறது. கலைப் புத்தகங்களில் அடிக்கடி வரும் படம் அது. அந்தப் படத்தை மேஜையில் வைத்து வடக்கு மேலே வருமாறு திருப்பினால் கிழக்கு இடது பக்கம் வரும். அண்ணாந்து பார்த்ததைக் குனிந்து பார்க்கிறோம், அதனால் வரைபடத்துக்கு நேர் எதிர். இத்தனை வருஷமாக விதானப் படங்களைப் பக்கத்துக்கு எது எடுப்பாக இருக்கிறதோ அப்படித் திருப்பி வைத்துத்தான் லேஅவுட் செய்கிறோம். ஓரத்தில் ஒரு சின்ன அம்புக்குறி போட்டு 'கிழக்கு' என்று எழுத எத்தனை மில்லிமீட்டர் ஆகிவிடும்?

காமாட்சி அம்மன் சந்நிதியின் அதிட்டானத்தில், அதாவது அடித்தளத்தில், ராமாயணக் காட்சிகள் குட்டிக் குட்டியாக ஓடுகின்றன. குனிந்துகொண்டே சுற்றி வர வேண்டும். இடுப்பு வலித்தது, பாதியில் விட்டுவிட்டேன்.

சனி, தருமபுரி

இன்றைக்கு எழுத நிறைய இருக்கிறது. தொல்லியல் துறையின் அகழ்வைப்பகத்தில், அதாவது அந்தத் துறையின் காட்சிக்கூடத்தில், நடுகற்கள்.

தருமபுரி, கிருஷ்ணகிரி, செங்கம் மூன்றும் நடுகல் நாடு. ஆநிரை கவர வந்தவர்களோடு சண்டையிட்டோ, கவரப் போன இடத்திலோ செத்தவனுக்கு ஊர் நட்ட கல். ஆநிரைக்குக் கல்வெட்டில் 'தொறு' என்று பெயர். 'தொறு மீட்டுப் பட்டான்' என்றால் மாட்டை மீட்டுச் செத்தான். பல்லவர் காலத்துக் கற்களில் வட்டெழுத்து, தமிழின் பழைய எழுத்து வடிவம். இன்ன அரசனின் இன்ன ஆண்டு, இன்னாரின் சேவகன், இன்ன ஊரில் தொறு கொண்டபோது பட்டான், அவன் கல். அவ்வளவுதான் செய்தி.

லேஅவுட் ஆளாக எனக்கு முதலில் கண்ணில் பட்டது எழுத்து உட்கார்ந்திருக்கும் விதம். வீரன் வில்லை வளைத்து நிற்கிறான். எழுத்து தலைக்கு மேலே ஆரம்பித்து, இடம் போதாமல், வில்லுக்கு வெளியே வளைந்து, தோளோரம் இறங்கி, கிடைத்த சந்தில் முடிகிறது. கம்ப்யூட்டரில் 'டெக்ஸ்ட் ராப்' என்று ஒரு பொத்தானை அழுத்தி நாங்கள் செய்வதை இவன் உளியால் செய்திருக்கிறான். வரி உடைகிற இடம் பற்றி அவனுக்குக் கொஞ்சமும் கவலை இல்லை. எனக்குப் பொறாமையாக இருந்தது.

அப்புறம் ஒன்று தோன்றியது. இந்தக் கல் தன் கேப்ஷனைத் தன் உடம்பிலேயே வைத்திருக்கிறது. பெயர், ஆண்டு, ஊர், காரணம் எல்லாம் இருக்கிறது. இல்லாதது செதுக்கியவன் பெயர் மட்டும். நாங்கள் போடும் கேட்லாக்கில் முதல் வரியே ஓவியர் பெயர்தான், படத்தில் இருப்பவர் யார் என்பது பல நேரம் யாருக்கும் வேண்டாம். இங்கே அப்படியே தலைகீழ்.

பெரிய சைஸ் புத்தகத்தைத் திட்டுகிறேன் என்றேன் அல்லவா, இதற்காகத்தான். மெட்ராஸ் இயக்கத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் கோடு, எழுத்து, முன்முகத் தன்மை (உருவம் நேர் முன்னால் பார்த்து நிற்பது) என்ற மூன்றையும் சொல்லி, 'நம் மரபிலிருந்து' என்று ஒரு வாக்கியத்தில் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் 1963 வாக்கில் தொடங்கிய 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையில் எழுத்து மாதிரியான கிறுக்கல்கள் பரப்பை நிறைக்கின்றன. அவை படிப்பதற்கானவை அல்ல. படிக்க முடியாததுதான் அவற்றின் அழகு. நடுகல் எழுத்து ஊர்க்காரன் படிப்பதற்கென்றே வெட்டியது. இரண்டையும் ஒரே மரபு என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அச்சில் பார்க்க நன்றாக இருக்கும், விஷயம் கெட்டுப்போகும்.

முன்முகத் தன்மை விஷயத்தில் மட்டும் கொஞ்சம் ஒத்துப்போகிறேன். சிற்பி பி.வி. ஜானகிராம் தாமிரத் தகட்டை அடித்துச் செய்த சிற்பங்களில் எல்லாமே முன்னால் நடக்கிறது, முதுகுக்கு வேலை இல்லை. நடுகல்லும் அப்படித்தான். எந்தப் புத்தகத்திலும் நடுகல்லின் பின்பக்கத்துப் படத்தை நான் பார்த்ததில்லை. இன்றைக்குச் சுவருக்கும் கல்லுக்கும் நடுவே தலையை விட்டுப் பார்த்தேன். உளி படாத பாறை, அவ்வளவுதான். ஆனால் பார்த்துவிட்டதில் ஒரு திருப்தி. காவலர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். "அவர் புஸ்தகம் போடுறவருங்க" என்று அண்ணன் சமாளித்தார்.

உச்சி வெயிலில் புடைப்பு தட்டையாகிவிடும். கல் வெறும் கல்லாகத் தெரியும். அண்ணன் போன் டார்ச்சைக் கல்லை ஒட்டினாற்போலப் பக்கவாட்டில் பிடித்தார். உடனே விலாவில் தைத்த அம்புகள் எழுந்து வந்தன. காலருகே ஒரு சிறிய கலம். புறநானூற்றில், அதியமான் இறந்தபின் ஔவை பாடிய பாட்டு நினைவுக்கு வந்தது. நடுகல்லுக்கு மயிற்பீலி சூட்டிச் சிறு கலத்தில் கள் ஊற்றுகிறார்கள், நாடே கொடுத்தாலும் வாங்காதவன் இதை வாங்குவானா என்று கேட்பாள். பாடியது இந்தத் தகடூர்க்காரனைத்தான். அந்தக் கலத்தை நான் இதுவரை உவமை மாதிரித்தான் படித்திருக்கிறேன். பள்ளியில் பத்து மார்க் கேள்வியாக வந்தால் வேறென்ன செய்வது.

'செங்கம் நடுகற்கள்' இங்கே ரொம்ப உதவியது. அது தருமபுரிக் கற்களைப் பற்றியதில்லை. ஆனால் கல்லை எப்படிப் படிப்பது என்று சொல்லித் தருகிறது. ஜெராக்ஸில் படங்கள் கரியாகத்தான் இருக்கின்றன. கல்வெட்டு வாசகம், இருந்த இடம், செய்தி என்று வரிசையாகப் போகிறது. கல்வெட்டை மைப்படி எடுப்பதை ஒருமுறை பார்த்திருக்கிறேன். கல்லைக் கழுவி, நனைத்த காகிதத்தை ஒட்டி, பிரஷ்ஷால் அடித்து அடித்து எழுத்துக் குழிக்குள் இறக்கி, ஈரம் பாதி காய்ந்ததும் மைப்பஞ்சை ஒற்றுவார்கள். குழிந்த எழுத்து வெள்ளையாக நிற்கும், மற்றதெல்லாம் கருப்பு. சுத்தமான அச்சுக்கலை. ஆனால் மைப்படி எழுத்துக்குத்தான் நியாயம் செய்யும். உருவத்தின் மெல்லிய புடைப்பு அதில் வராது. அதனால்தான் பழைய துறை வெளியீடுகளில் வாசகம் துல்லியமாகவும் வீரன் மங்கலாகவும் இருக்கிறான். பளபளக் கலைப் புத்தகங்களில் வீரன் பிரமாதம், வாசகம் அரை வரி. இரண்டையும் சேர்த்துத் தமிழில் ஒருவர் போட்டால் என்ன?

கிளம்பும்போது அண்ணன் கேட்டார்: "சரி தம்பி, இதெல்லாம் அந்தந்த ஊர்ல எந்தப் பக்கம் பார்த்து நின்னுச்சு?"

எனக்குத் தெரியவில்லை. சுவரோரம் வைத்தபின் எல்லாக் கல்லும் நம்மைத்தான் பார்க்கிறது.

ராத்திரி அவர் வீட்டில் களியும் கீரையும். சாப்பிட்டு முடிந்ததும் அலமாரியிலிருந்து நான்கைந்து கோடு போடாத நோட்டுகளை எடுத்துப் போட்டார். பள்ளிப் பிள்ளைகளை அவரவர் ஊர் நடுகல்லை வரைந்து வரச் சொல்லியிருக்கிறார். இந்தப் பக்கத்துக் கிராமங்களில் நடுகல் பல இடங்களில் வேடியப்பன் சாமி. மஞ்சளும் எண்ணெயும் பூசிக் கும்பிடுவார்கள். ஒரு பக்கம் இப்படி: 'ஏரிக்கரை. வேப்பமரம். முகம் கிழக்கு. பூமிக்கு மேலே மூணு சாண். கையில வில்லு. பொங்கலுக்குப் பொங்க வைப்போம். பாட்டி தொடாதன்னு சொன்னதால தூரமா இருந்து வரைஞ்சேன்.'

பூமிக்கு மேலே! மண்ணுக்குள் எவ்வளவு இருக்கிறது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டும் என்று அந்தப் பிள்ளைக்குத் தோன்றியிருக்கிறது. அளவு என்றால் உயரம், அகலம் என்று கண்ணை மூடிக்கொண்டு போடுகிற எங்களுக்குத் தோன்றியதில்லை. நோட்டுகளை விடிய விடியப் பார்த்தேன்.

ஞாயிறு, அதியமான்கோட்டை

தூக்கம் போதவில்லை. சேலம் சாலையில் கொஞ்ச தூரம். காலபைரவர் கோயிலுக்குத்தான் கூட்டம். நாங்கள் சென்றாயப் பெருமாள் கோயிலுக்குப் போனோம். மண்டபத்து விதானத்தில் இதிகாசக் காட்சிகள் ஓவியமாக இருக்கின்றன. கட்டம் கட்டமாக, பட்டை பட்டையாக. மங்கலான காவிச் சிவப்பு, அழுத்தமான கறுப்புக் கோடு. பல இடத்தில் நிறம் போய்க் கோடு மட்டும் நிற்கிறது.

சிவராமமூர்த்தி 1968-ல் தேசிய அருங்காட்சியகத்துக்காகத் தென்னிந்திய ஓவியங்கள் பற்றி எழுதிய நூலைச் சென்னையிலேயே விட்டு வந்துவிட்டேன், கனம். என் குறை வேறு. சுவரோவியப் புத்தகங்களில் சிவப்பு எப்போதும் ஆப்பிள் சிவப்பாக இருக்கும். பிளாஷ் வெளிச்சம், அதற்கு மேல் கம்ப்யூட்டரில் நிறத்தை ஏற்றுவது, அதற்கும் மேல் ஆர்ட் பேப்பரின் பளபளப்பு. நேரில் பார்த்தால் 'இவ்வளவுதானா' என்று தோன்றவைத்துவிடுகிறது. ஓவியத்தின் தப்பு ஒன்றும் இல்லை. கண் இருட்டுக்குப் பழகக் கால் மணி நேரம் உட்கார்ந்தால் போதும், உருவங்கள் ஒவ்வொன்றாக வரும். உட்கார்ந்தோம், வந்தன.

திங்கள், மல்லப்பாடி

பர்கூர் பக்கம். அண்ணன் லீவு போட்டுவிட்டார், பைக்கில் போனோம். 1978-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கே.வி. ராமன் இங்கே பாறை ஓவியங்களைக் கண்டு எழுதினார். தமிழ்நாட்டில் பாறை ஓவிய ஆய்வு இங்கிருந்துதான் தொடங்குகிறது என்பார்கள். அதற்கப்புறம்தான் விழுப்புரம் பக்கத்துக் கீழ்வாலை போன்ற இடங்கள் பேசப்பட்டன. அங்கே செங்காவி, இங்கே வெள்ளை. குதிரை மேல் இருவர் எதிரெதிரே மோதுகிறார்கள். பெருங்கற்காலத்தைச் சேர்ந்தது என்பது பொதுவான கருத்து.

ஏற்றம் மூச்சு வாங்க வைத்தது. கீழே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர், "மேல என்னங்க இருக்கு, எல்லாரும் மெட்ராஸ்ல இருந்து வர்றீங்க?" என்று கேட்டார். அண்ணன் போனில் படத்தைக் காட்டினார். "அட, குதிர!" என்றார். "இத நான் சின்னப்பய்யனா இருக்கப்பவே பாத்திருக்கேன். நாங்க யாரோ பசங்க போட்டதுன்னு நெனச்சோம்."

பாறை ஓவியப் படங்களில் இப்போது ஒரு புது வழக்கம். டிஸ்ட்ரெச் என்று ஒரு மென்பொருள் இருக்கிறது. மங்கிய நிறத்தை இழுத்துப் பிரித்துக் காட்டும். ஆய்வுக்கு அருமையான கருவி, கண்ணுக்குத் தெரியாத கோடுகளைக் கொண்டுவரும், முக்கியமாகச் சிவப்பில். ஆனால் அது தருவது போலி நிறம். பாறை ஊதாவாகவும் உருவம் ரத்தச் சிவப்பாகவும் வரும். அதை அப்படியே எடுத்து அட்டையில் போட்டு, 'மென்பொருளால் மேம்படுத்தியது' என்று எங்கேயும் சொல்லாமல் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு வந்த ஒரு வேலையிலும் அப்படித்தான் கேட்டார்கள். இயல்பான படத்தையும் பக்கத்திலேயே வைக்கிறேன் என்றேன். வேலை வேறொருவருக்குப் போய்விட்டது.

மல்லச்சந்திரத்துக் கற்திட்டைகளையும் (பலகைக் கற்களை நிறுத்தி மூடிய பழைய ஈமச் சின்னங்கள்) பார்த்துவிடலாம் என்று திட்டம் போட்டிருந்தோம். மழை பிடித்துக்கொண்டது. அடுத்த முறை.

செவ்வாய், கிருஷ்ணகிரி

காந்தி சாலையில் உள்ள அரசு அருங்காட்சியகம். இங்கே தமிழோடு தெலுங்கும் கன்னடமும் கலந்த எல்லை நாடு, கல்லிலும் அது தெரிகிறது. பிற்காலக் கற்கள் அடுக்கு அடுக்காக இருக்கும். கீழே சண்டை, நடுவில் தேவமகளிர் வீரனைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள், மேலே அவன் லிங்கத்தின் முன் அமர்ந்திருக்கிறான். கதை கீழிருந்து மேலே ஏறுகிறது. நாங்கள் பக்கத்தை மேலிருந்து கீழே படிக்கப் பழகியவர்கள். அடுக்குகளைத் தனித்தனிப் படமாக வெட்டி வரிசையாகப் போட்டால் வீரன் முதலில் சொர்க்கத்தில் இருப்பான், அப்புறம் சண்டைக்குப் போவான். சிரிக்க வேண்டாம், அச்சில் பார்த்திருக்கிறேன். இந்தியா முழுக்க உள்ள நினைவுக்கற்களைப் பற்றி எஸ். செட்டரும் குந்தர் சொந்தைமரும் 1982-ல் தொகுத்த நூலை இதற்காகவே எடுத்து வந்திருக்க வேண்டும்.

வெளியே வந்து பஸ் ஸ்டாண்ட் பக்கம் டீயும் காவேரிப்பட்டணம் நிப்பட்டும். நோட்டுகளை டீக்கடை பெஞ்சிலேயே விரித்தோம். ஒரு சின்னப் புத்தகமாகப் போட்டுவிடலாம் என்று நேற்றே முடிவாகிவிட்டது. எப்படி என்பதில்தான் தகராறு.

அண்ணனுக்கு ஆர்ட் பேப்பர், நாலு கலர் வேண்டும். "பிள்ளைங்க பேரு போட்டு வழவழன்னு வந்தா வீட்ல காட்டுவாங்கடா." எனக்கு மேப்லித்தோ என்ற பளபளப்பில்லாத சாதாரணத் தாள், ஒரே கலர், டெமி எட்டில் ஒன்று என்கிற வழக்கமான புத்தக அளவு, நடுவில் பின். பிள்ளைகள் பேனாவால் வரைந்தவை கோட்டோவியங்கள், கருப்பு மை போதும். காந்தி நூற்றாண்டான 1969-ஐ ஒட்டி ஆதிமூலம் வரைந்த காந்தி கோட்டோவியங்களைச் சாதாரணத் தாளிலும் பார்த்திருக்கிறேன், அவற்றின் கோடு ஒரு இழைகூடத் தளரவில்லை. கையேட்டை எடுத்துக் காட்டினேன். அண்ணன் கொஞ்ச நேரம் புரட்டினார். "அவரு ஆதிமூலம், இவங்க எட்டாம் கிளாஸ்" என்று மூடி வைத்துவிட்டார். கடைசியில் அட்டை மட்டும் கலர் என்று நின்றது.

பெரிய சண்டை அதற்கப்புறம் வந்தது. கேட்லாக் என்றால் இருக்குமிடம் துல்லியமாக இருக்க வேண்டும் என்பது என் கட்சி. சனிக்கிழமையிலிருந்து அதைத்தானே பேசிக்கொண்டிருக்கிறேன். அண்ணன் மாட்டேன் என்கிறார். புதையல் இருக்கிறது என்று ராத்திரியில் கல்லைப் பெயர்த்துத் தோண்டுகிறவர்கள் உண்டு. நோட்டில் ஒரு பிள்ளையே எழுதியிருக்கிறாள்: 'போன வருஷம் யாரோ குழி பறிச்சாங்க, கல்லு இப்ப சாஞ்சு இருக்கு.' ஏரி, மரம், எத்தனை தப்படி என்று அச்சிட்டுக் கொடுத்தால் வழி சொல்லிக் கொடுத்த மாதிரி ஆகும்.

"அப்ப ஊர்ப் பேராவது போடலாமாண்ணா?"

"தாலுகா போடு."

"தாலுகா போட்டா அது கேட்லாக்கே இல்லண்ணா."

முகம் பார்க்கும் திசை, பூமிக்கு மேல் உயரம், யார் எப்போது கும்பிடுகிறார்கள், ஊர்ப் பெயர் ஆகியவை இருக்கும். ஏரிக்கரையும் வேப்பமரமும் எடுக்கப்படும். முழு விவரத்தோடு ஒரு பிரதி பள்ளி பீரோவில், இன்னொன்று தொல்லியல் துறைக்கு. இதுதான் இப்போதைய உடன்பாடு. அந்தந்த ஊர்க்காரர்களைக் கேட்காமல் ஊர்ப் பெயரையும் போடக் கூடாது என்று அண்ணன் சொன்னதை மறுக்க முடியவில்லை. வரும் சனிக்கிழமையிலிருந்து பிள்ளைகளோடு போய்க் கேட்கப் போகிறார். நோட்டுகளை ஸ்கேன் செய்ய என்னிடம் கொடுத்துவிட்டு, அவற்றுக்கு இடம் வேண்டுமே என்று பெரிய சைஸ் புத்தகத்தை என் பையிலிருந்து எடுத்துத் தன் பைக்கில் வைத்துக்கொண்டார்.